கடைசி வரியில் இருக்கிறது விஷயம்

தில்லி நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர் கையில் முதலில் தரப்படுவது ஓர் அரைத்தாள் கொட்டேஷன். முதல் வரியில் பிராசஸர். அடுத்து மதர்போர்டு. பிறகு மெமரி, டிஸ்க், ஒருவேளை கிராபிக்ஸ் கார்டு. கடைசி வரியில் 'கேபினட், எஸ்.எம்.பி.எஸ்.' என்று இருக்கும். கம்பெனி பெயர் இருக்காது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை. பேரம் முழுவதும் முதல் வரியில் நடக்கும். பணம் போதாவிட்டால் வெட்டு விழுவது கடைசி வரியில்.

சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் மும்பை லாமிங்டன் ரோட்டிலும் இதே கதைதான். வீட்டில் சினிமா பார்க்கவும் பிள்ளைகள் விளையாடவும் வாங்கும் கம்ப்யூட்டருக்கு இந்த வரிசையால் பெரிய பாதகம் இல்லை. ஆனால் அதே தாளை வைத்துக்கொண்டு சர்வர் ஒன்றை அசெம்பிள் செய்யப் புறப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆறேழு பேர் வேலை செய்யும் ஒரு சிறிய கம்பெனியை எடுத்துக்கொள்ளலாம். கணக்குகள், பில்கள், ஸ்கேன் செய்த ரசீதுகள் எல்லாம் கம்ப்யூட்டரில். கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதிகளின்படி, மின்னணு வடிவில் உள்ள கணக்குகளின் நகல் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் சேர வேண்டும். கிளவுட் மாத வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் டேட்டா பெருகப் பெருக வாடகையும் பெருகும். பெரிய கம்பெனிகளின் புது சர்வரோ சின்ன முதலாளியின் கைக்கு எட்டாது. மிச்சமிருப்பது மூன்றாவது வழி: உதிரி பாகங்களை வாங்கி, தானே ஒரு சர்வர் செய்துகொள்வது.

இதில் கெளரவக் குறைச்சல் ஏதும் இல்லை. கூகுள் வளர்ந்ததே இப்படித்தான். 1996-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் தங்கள் தேடல் ஆராய்ச்சிக்காக 4 ஜி.பி. டிஸ்குகள் பத்தை வாங்கி, குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் செய்த பெட்டிக்குள் அடுக்கினார்கள். 1999-ல் கூகுள் செய்த சர்வர்களில் பெட்டியே கிடையாது. ஒரே தட்டில் பல மதர்போர்டுகள்; அவை உலோகத் தட்டில் உரசாமல் இருக்க அடியில் கார்க். அந்த ரேக்குகளில் ஒன்று இப்போது கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மலிவான பாகங்கள் அடிக்கடி கெட்டன. கூகுள் கவலைப்படவில்லை. ஒன்று விழுந்தால் வேலையை ஏற்க வேறு நூற்றுக்கணக்கான மெஷின்கள் இருந்தன. சின்ன கம்பெனியிடம் இருக்கப்போவது ஒன்றே ஒன்று. எனவே கூகுளிடமிருந்து அது கற்க வேண்டியது மலிவாக வாங்குவதை மட்டும் அல்ல. எந்தப் பாகம் எப்போது கெடும், கெட்டால் எதை இழுத்துக்கொண்டு போகும் என்ற கணக்கையும் சேர்த்துத்தான்.

அந்தக் கணக்கு ஒரு எளிய பெருக்கலில் தொடங்குகிறது. அலுவலகக் கம்ப்யூட்டர் நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 2,400 மணி. சர்வர் இரவு பகல், ஞாயிறு தீபாவளி பார்க்காமல் ஓடும்: 8,760 மணி. அதாவது மூன்றரை மடங்குக்கும் அதிகம். ஆனால் அதன் மூளைக்கு வேலை குறைவு. ஆறு பேருக்கு ஃபைல் எடுத்துக் கொடுப்பதும் இரவில் நகல் எடுப்பதும் பிராசஸருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஓயாமல் உழைப்பவை மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸும், சுழலும் டிஸ்கும்தான். ஆக, சர்வர் வாங்குகிறவர் செய்ய வேண்டிய முதல் காரியம், கடைக்காரர் தந்த தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு கீழிருந்து படிப்பது.

முதலில் எஸ்.எம்.பி.எஸ். பெயரில்லாத பெட்டியின் மேல் 500 வாட் என்று அச்சடித்திருக்கும். சிறிய சர்வருக்கு 100 வாட்கூட தேவைப்படாது. பெரிய டிஸ்குகள் சுழலத் தொடங்கும் சில விநாடிகள் மட்டும் ஒவ்வொன்றும் 25 வாட் அளவுக்குக் கேட்கும். எனவே வாட்டைத் துரத்துவது வீண். நல்ல கம்பெனியின் 400 வாட், பெயர் தெரியாத 750 வாட்டைவிட மேல். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். சாகும்போது தனியாகச் சாவதில்லை. சில சமயம் மதர்போர்டையும் டிஸ்குகளையும் உடன்கட்டை ஏற்றிவிடும். இருநூறு, முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்த இடத்தில் எட்டு ஆண்டுக் கணக்கு போகும்.

எதைப் பார்த்து வாங்குவது? 2004-ல் தொடங்கிய '80 பிளஸ்' முத்திரையைப் பலர் தரச் சான்று என்று நினைக்கிறார்கள். அது சொல்வது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைத்தான். எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அல்ல. அதற்கு வாரன்டி காலம் ஓரளவு நம்பகமான அடையாளம். தன் சரக்குக்கு 5 அல்லது 7 ஆண்டு வாரன்டி தருகிற கம்பெனி உள்ளே நல்ல கெப்பாசிட்டர்களைப் போட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். கெப்பாசிட்டர் என்ன செய்யும் என்பதை 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகள் காட்டின. மட்டமான ரசாயனம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் மதர்போர்டுகளில் உப்பி வெடித்தன. பெயர் பெற்ற கம்பெனிகளும் அதில் தப்பவில்லை.

மின்சாரம் என்றால் எஸ்.எம்.பி.எஸ்ஸோடு முடியாது. கரண்ட் போனால் அது தாங்குவது ஏறத்தாழ 16 மில்லி விநாடிதான். யு.பி.எஸ். இல்லாத சர்வர், பிரேக் இல்லாத பஸ். அதிலும் யு.எஸ்.பி. கேபிள் மூலம் சர்வரோடு பேசக்கூடிய யு.பி.எஸ். வேண்டும். நள்ளிரவில் கரண்ட் போய் பேட்டரி தீரும் கட்டத்தில், யாரும் தொடாமல் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ள அந்தக் கேபிள்தான் வழி. யு.பி.எஸ். பேட்டரிக்கு ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டு. சூடான அறையில் அதுவும் குறையும். மாற்றும் செலவை ஆரம்பத்திலேயே கணக்கில் எழுதிவிடுவது நல்லது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆகும் செலவு இந்தப் பட்டியலிலேயே மிகக் குறைவு. அநேகமாக யாரும் செய்யாத செலவும் அதுதான்.

அடுத்து டிஸ்க். கடைக்காரர் ஒரு கம்பெனியைச் சொல்வார், பக்கத்துக் கடைக்காரர் இன்னொன்றை. இரண்டும் அனுபவ வாக்கு. எண்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க கம்பெனி தன்னிடம் ஓடும் டிஸ்குகளில் எவை எத்தனை கெட்டன என்பதை 2013 முதல் மாடல் வாரியாக வெளியிட்டு வருகிறது. சமீப ஆண்டுகளில் மொத்தமாகப் பார்த்தால், 100 டிஸ்குக்கு ஆண்டுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை சாகின்றன. அந்தப் பட்டியல் கற்பிக்கும் பாடம், கெட்டது கம்பெனி என்பதைவிட மாடல் என்பதே. ஒரே கம்பெனியின் ஒரு மாடல் சிரஞ்சீவியாக இருக்க, இன்னொரு மாடல் கொத்துக் கொத்தாக விழும்.

நூற்றுக்கு ஒன்றரை என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். இரண்டு டிஸ்க், ஐந்து ஆண்டு என்று கணக்குப் போட்டால், அவற்றில் ஒன்றாவது கெடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஏழில் ஒன்று. ஏழில் ஒன்று விபத்துக்குள்ளாகும் என்று தெரிந்த பஸ்ஸில் யாரும் ஏற மாட்டார்கள்.

டிஸ்க் சாவதற்கு முன் எச்சரிக்கை தருமா? 'ஸ்மார்ட்' என்ற உள் பரிசோதனை வசதி அதற்காகத்தான் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-ல் வெளியிட்ட அறிக்கை இரண்டு விஷயங்களைச் சொன்னது. பரிசோதனையில் முதல் ஸ்கேன் பிழை தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆனால் செத்த டிஸ்குகளில் 100-க்கு 36, வெப்பத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், எந்த எச்சரிக்கையும் தராமலே செத்தன. எச்சரிக்கை வந்தால் உடனே மாற்ற வேண்டும். வரவில்லை என்பதற்காகத் தூங்கிவிடக் கூடாது.

எனவேதான் இரண்டு டிஸ்குகள், ஒன்றில் எழுதியது மற்றதிலும் எழுதப்படும்படி. இந்த 'ரெய்டு' முறைக்குப் பெயர் தந்தவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவர். 1988-ல் வந்த அவர்கள் கட்டுரையில் 'ஐ' என்ற எழுத்துக்கு அர்த்தம் 'மலிவான'. பிறகு டிஸ்க் விற்றவர்கள் அதை 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள். மலிவு என்ற சொல்லை வைத்துக்கொண்டு விலையை எப்படி ஏற்றுவது?

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. இரண்டு டிஸ்கையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காமல் வெவ்வேறு கடையில், முடிந்தால் வெவ்வேறு மாடலாக வாங்க வேண்டும். ஒரே நாளில் பிறந்தவை ஒரே வாரத்தில் சாகும் அபாயம் உண்டு. இரண்டாவது, எஸ்.எம்.ஆர். எனப்படும் ஓடு வேய்ந்தாற்போல் எழுதும் டிஸ்குகள். ஓர் ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் தொட வேண்டியிருப்பதுபோல, அதில் திரும்ப எழுதுவது மெதுவாக நடக்கும். கெட்ட டிஸ்குக்குப் பதில் புதியதைப் போட்டு நிரப்பும்போது அது நாள் கணக்கில் இழுக்கலாம். சர்வருக்கென்று விற்ற டிஸ்குகளிலேயே சொல்லாமல் இதைச் சேர்த்தது 2020-ல் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. மூன்றாவது, பழையதைப் புதிது என்று விற்பது. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் அப்படிப் பல டிஸ்குகள் பிடிபட்டன. ஆயிரக்கணக்கான மணி ஓடியிருந்தும் மீட்டர் பூஜ்யத்துக்குத் திருப்பப்பட்டிருந்தது. பணம் தருவதற்கு முன் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரன்டி மிச்சத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பில் தர மறுக்கும் கடையில் இரண்டு நிமிடம்கூட நிற்கத் தேவையில்லை.

மூன்றாவதாக மெமரி. இது கெட்டால் சத்தம் வராது, புகை வராது. ஒரு பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகும். அது திரையில் ஒரு புள்ளியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. கணக்கில் ஓர் எண்ணாக இருந்தால் அந்தப் பிழை டிஸ்கில் எழுதப்பட்டு, இரண்டு டிஸ்கிலும் சேர்ந்து, நகலிலும் போய் உட்காரும். கூகுளும் டொரான்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் மெமரித் துண்டுகளில் 100-க்கு 8-க்கும் அதிகமானவை பிழை செய்திருந்தன. அந்தப் பிழைகள் தெரிய வந்ததே, அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தும் இ.சி.சி. மெமரி அங்கே இருந்ததால்தான்.

இ.சி.சி. மெமரியை எல்லா மதர்போர்டும் ஏற்காது. பிராசஸரும் ஒத்துழைக்க வேண்டும். இங்கே புதிதாக வாங்குவதைவிட மலிவான ஒரு குறுக்கு வழி உண்டு. டிசைன் கம்பெனிகளும் வங்கிகளும் லீசில் எடுத்துத் திருப்பித் தரும் பழைய 'ஒர்க்ஸ்டேஷன்' டவர்கள். சியான் பிராசஸர் போட்ட மாடல்கள் பெரும்பாலும் இ.சி.சி.யை ஏற்கும், சத்தம் குறைவு, எஸ்.எம்.பி.எஸ். தரமானது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பழைய பெரிய சர்வர்களிலிருந்து கழற்றிய 'ரிஜிஸ்டர்டு' மெமரி மலிவாகக் கிடைக்கும். சிறிய மாடல்களில் அது வேலை செய்யாது. அடுத்தது, பிராண்டட் மெஷின்கள் பலவற்றின் எஸ்.எம்.பி.எஸ். தனி அளவில், தனி பின்னோடு இருக்கும். கெட்டால் பக்கத்துக் கடையில் கிடைக்காது. வாங்கும்போதே உபரியாக ஒன்று கிடைக்குமா என்று கேட்டுவிட வேண்டும்.

2025-ன் கடைசி மாதங்களில் செயற்கை அறிவு டேட்டா சென்டர்களின் பசியால் மெமரி விலை ஏறியதில், இந்தப் பழைய மெஷின்களின் மதிப்பு இன்னும் கூடியது. உள்ளே மெமரியோடு வருகின்றன அல்லவா?

கடைசியாகத்தான் பிராசஸர். 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை ஏற்பதில்லை. எனவே ஏழாம் தலைமுறை அலுவலகக் கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகும் தகுதி பெற்றுவிட்டன. லினக்ஸுக்கு அவை இன்னும் இளைஞர்கள். ஆறு பேர் அலுவலகத்துக்கு அந்த வேகமே அதிகம். இ.சி.சி. வேண்டாம், புதிதுதான் வேண்டும் என்பவர்களுக்கு, 2023-ல் இன்டெல் வெளியிட்ட என்100 போன்ற சின்ன பிராசஸர்கள் போதும்.

ஓர் ஆசையை மட்டும் அடக்க வேண்டும். டேட்டா சென்டர்களிலிருந்து கழித்த பெரிய ரேக் சர்வர்கள் சொற்ப விலைக்குக் கிடைக்கும். இரண்டு பிராசஸர், எட்டு டிஸ்க் இடம் என்று கண்ணைப் பறிக்கும். பின்னால் இருக்கும் கரண்ட் பில் கண்ணில் படாது. சும்மா இருக்கும்போதே 120 வாட் இழுக்கும் மெஷின், ஆண்டுக்கு 1,051 யூனிட் தின்னும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 8,400 ரூபாய். 20 வாட் மெஷினுக்கு 1,400. ஐந்து ஆண்டில் வித்தியாசம் 35,000 ரூபாய். அந்தப் பணத்தில் நல்ல யு.பி.எஸ். வாங்கலாம், டிஸ்கும் வாங்கலாம். மேலும் அதன் விசிறிச் சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் போன் பேச முடியாது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. அது எந்தக் கடைக்காரரின் தாளிலும் இருக்காது. இரண்டு டிஸ்கிலும் ஒரே சமயத்தில் எழுதும் முறை, டிஸ்க் கெட்டால் காப்பாற்றும். யாராவது தவறுதலாக ஒரு ஃபைலை அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் வந்து பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். திருடன் வந்தால் பெட்டியோடு போகும். போட்டோகிராபர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்திய 3-2-1 விதி இதற்குத்தான்: மூன்று நகல், இரண்டு வித சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். வாரம் ஒருமுறை முதலாளி வீட்டு பீரோவுக்குப் போய்த் திரும்பும் ஒரு வெளி டிஸ்க் போதும். நாள்தோறும் எடுக்க வேண்டிய நகல் சர்வரில் இருக்கட்டும். பீரோவில் இருப்பது அதற்கும் மேலான காப்பு. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல் வெறும் நம்பிக்கை.

ஆகவே பணத்தைப் பிரிக்கும் வரிசை இது: முதலில் வெளி டிஸ்க், பிறகு யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ்., இரண்டு டிஸ்க், இ.சி.சி. மெமரி. மிச்சம் இருப்பதில் கிடைக்கும் பிராசஸர். இப்படி எழுதிய தாளை நேரு பிளேஸில் நீட்டினால் கடைக்காரர் ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். அவருக்கு லாபம் முதல் வரியில் பேரம் பேசுகிறவர்களால். இந்தத் தாளோடு வருகிறவர், மார்ச் 31 இரவு கரண்ட் போகும்போது, விளக்கைத் தேடுவாரே தவிர டிஸ்கைப் பற்றி நினைக்க மாட்டார்.